பொருளாளர் போன பிறகு: ஒரு தோட்ட மரண உதவிச் சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மரண உதவிச் சங்கத்தில் 2023 பெப்ரவரியில் இருந்து 2025 நடுப்பகுதி வரை நடந்ததை இங்கே பதிகிறேன். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. நான் அதே தோட்டத்தின் பணியக்கணக்கில், அதாவது கீழ்ப் பிரிவில், பிறந்தவன். இப்போது டவுன் பாடசாலை ஒன்றில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். அதைத் தாண்டியும் சில இடங்களில் வாய் விட்டேன். அதில் ஒன்று பிழையாகிப்போனது. அதையும் சொல்கிறேன்.

ஏதோ ஒரு மரண உதவிச் சங்கம் இல்லாத தோட்டத்தை நான் பார்த்ததில்லை. எழவு விழுந்தால் பெட்டி வாங்க வேண்டும், கூடாரமும் கதிரையும் வேண்டும், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வேண்டும். நாள்கூலிக் குடும்பத்திடம் அந்த நேரத்தில் கையில் காசு இருக்காது. அதனால் மாதாமாதம் எல்லோரும் கொஞ்சம் போட்டு, விழுந்த வீட்டுக்கு ஒரு தொகையைக் கொடுப்பது. கொள்கை அவ்வளவுதான்.

நான் சொல்லும் சங்கத்தில் அப்போது 168 குடும்பங்கள். மாதச் சந்தா 100 ரூபா, மரணம் ஒன்றுக்கு உதவி 20,000 ரூபா. வருடத்துக்குச் சராசரியாக ஒன்பது மரணம். எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் வரவு 201,600, செலவு 180,000. கையிருப்பு மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளர்ந்திருந்தது.

முன்பு இந்தச் சந்தா சம்பளச் சிட்டையிலேயே பிடிபடும். தொழிற்சங்கம், கோயில், டோபி, பாபர் என்று ஆபீஸில் கழிக்கும் வரிசையில் இதுவும் ஒன்று. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவில், பேர் உள்ளவர்கள் குறைந்து, பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய், ஒரு வீட்டில் ஒருவர் வேலை செய்வதே பெரிதென்று ஆனபோது அந்த முறை ஆட்டம் கண்டது. 2016இல் ஆபீஸ் பிடிப்பதை நிறுத்தியது. அதன்பின் சம்பள நாளன்று கையால் சேர்த்தார்கள். சேர்த்தவர் ஒரே ஆள்: பொருளாளர்.

சங்கம் நடந்த விதம்

2009இல் எழுதிய நாலு பக்க யாப்பு ஒன்று இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளரோடு பதினொரு பேர் கொண்ட செயற்குழு, வருடம் ஒரு பொதுக்கூட்டம், உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் வந்தால்தான் கூட்டம் செல்லும், கணக்காய்வாளர் ஒருவர். வாசித்தால் குறை சொல்ல முடியாத யாப்பு. பொதுக்கூட்டம் கடைசியாக நடந்தது 2014இல். கணக்காய்வாளராகத் தெரிவானவர் 2015இல் கண்டிப் பக்கம் குடிபோய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை.

பொருளாளர், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். பதினாலு வருடம் அவர்தான். சிறிசுகளில் இருந்து பெரிசுகள் வரை எல்லோருக்கும் அவர் 'ஐயா'. ஒரு சதம் எடுத்தார் என்று அன்றும் யாரும் சொன்னதில்லை, இன்றும் சொல்வதில்லை.

சங்கம் எங்கும் பதிவு செய்யப்படவில்லை. பதிவு இல்லாததால் சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க வங்கி மறுத்தது. 'அப்போ ஐயா பேர்ல போடுவோம்' என்று 2009இல் செயற்குழு முடிவெடுத்தது. அந்த முடிவைக் கூட்டறிக்கையில் எழுதவில்லை. சில வருடங்கள் கழித்து அவருடைய ஊழியர் சேமலாப நிதிக் காசு (ஓய்வுக்காலச் சேமிப்பு) வந்தபோது, மகள் கல்யாணம் போக மிச்சத்தை அதே கணக்கில் போட்டார். டவுனுக்கு இரண்டு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று நினைத்திருப்பார். சங்கக் காசு எவ்வளவு என்பது அவருடைய சீ.ஆர். கொப்பியில் (தடித்த குறிப்புப் புத்தகம்) இருந்தது, அது போதும் என்று எல்லோரும் இருந்தார்கள்.

இதைப் படிக்கும் படித்த நண்பர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். தோட்டத்து ஆளுக்கு ஆபீஸ் என்றால் தோட்ட ஆபீஸ்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், சபையின் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே வழி விடாமல் வைத்திருந்தது. அதைத் திருத்தியது 2018இல். அரச அலுவலகத்தின் படியேறிப் பழக்கமில்லாத இடத்தில், ஒரு நல்ல மனிதரின் பெயரில் வங்கிப் புத்தகம் இருப்பதுதான் பாதுகாப்பாகத் தெரிந்தது.

2023 பெப்ரவரி

பொருளாளர் ஒரு சனிக்கிழமை இரவு மாரடைப்பில் காலமானார். வங்கி மூடியிருந்தது. அவருடைய மனைவி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு என்வலப்பை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். 'சங்கக் காசு. ராத்திரில எழவு விழுந்தா வேணும்னு எப்பவும் எடுத்து வச்சிருப்பாரு.' உள்ளே சரியாக 20,000 ரூபா. அவருடைய உதவித்தொகையை அவரே எடுத்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

நாலு நாளில் மேக்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், இன்னொரு மரணம். இப்போது காசு இல்லை. தலைவரும் செயலாளரும் வங்கிக்குப் போனார்கள். அந்தக் கணக்கு இறந்தவருடையது. தனக்குப் பின் பணத்தைப் பெற மகனின் பெயரைக் கொடுத்திருக்கிறார். சங்கம் என்று ஒன்று எங்கள் பதிவில் இல்லை என்றார்கள். வங்கி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. பதிவில்லாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் சொந்தப் பெயரில்லை. அதன் சொத்து ஆட்களின் பெயரில்தான் இருக்க முடியும், ஒரே ஆளின் பெயரில் இருந்து அவர் போனால் வங்கி அவர் பெயர் கொடுத்தவரையோ வாரிசையோதான் பார்க்கும்.

செயற்குழு பயந்துவிட்டது. எனக்கும் பதற்றம். 'எழுத்தில் கேட்டு வையுங்கள்' என்றேன். ஐயா இறந்து பன்னிரண்டாம் நாள், கணக்குக் கொப்பியையும் பணத்தையும் ஒப்படைக்கும்படி அவருடைய மனைவிக்கு ஒரு கடிதம் போனது. பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகன் காரியத்துக்கு வந்தவர் கடிதத்தைப் பார்த்தார். 'எங்கப்பாவ திருடன்னு எழுதிட்டீங்களா?' என்று கோயில் வாசலில் தலைவரைக் கேட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. என்னிடம் மட்டும் பிறகு, 'மாஸ்டர், பதினாறு முடியட்டும்னு ஒருத்தருக்கும் தோணலயா?' என்றார்.

அந்தக் கடிதத்தால் எங்களுக்கு இரண்டு மாதம் வீணானது.

கணக்கை மீட்டது

ஏப்ரல் கடைசியில்தான் கொப்பி எங்கள் கைக்கு வந்தது. வங்கிக் கணக்கில் இருந்தது 918,000 ரூபா. கொப்பிப்படி அதில் சங்கத்தின் பங்கு 571,000. கொப்பி சரியா என்று எப்படித் தெரிவது? ரசீதுப் புத்தகம் 2017 வரைதான். ஆபீஸில் சந்தா பிடித்த விபரம் 2016 வரை இருந்தது. பெரிய கிளாக்கர் தேடிக் கொடுத்தார். செலவுப் பக்கத்துக்கு எந்தத் துண்டும் இல்லை.

வழி காட்டியது கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. 'யார் யார் செத்தாங்கன்னு எங்ககிட்ட கேளுங்க, கொப்பியில என்னத்துக்குத் தேடுறீங்க' என்றார். தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய் 2009இல் இருந்து விழுந்த எழவுகளைக் கேட்டு எழுதினோம். ஆண்கள் 'அது எலெக்‌ஷன் வந்த வருசம்' என்று தடுமாறினார்கள். பெண்களோ 'என் சின்னவ ரெண்டாம் வகுப்பு, மழைக்காலம்' என்று மாதத்தையே பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் 121 மரணங்களின் பட்டியல் கையில் இருந்தது. எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் அவர்களுக்கு மறக்கவில்லை. அந்தத் தொகை அப்படி.

சந்தா வரவையும் இந்தப் பட்டியலையும் வைத்துக் கணக்குப் போட்டால் கையிருப்பு 640,000 இருக்க வேண்டும். கொப்பியோ 571,000 என்கிறது. 69,000 குறைகிறது. அன்றிரவு செயற்குழுவில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

கொப்பியைப் பின்பக்கமிருந்து புரட்டியபோது விடை கிடைத்தது. 'கை உதவி' என்ற தலைப்பில் மூன்று வரிகள்: 20,000, 20,000, 12,000. மூன்றும் சந்தா கட்டாமல் விட்டு, யாப்புப்படி உதவி பெறும் தகுதி இழந்த குடும்பங்கள். ஒரு வீட்டில் ஆணுக்குப் பல வருடமாக நோய். செயற்குழுவிடம் கேட்டால் மறுப்பார்கள் என்று தெரிந்து, கேட்காமலேயே கொடுத்திருக்கிறார். கொடுத்ததை மறைக்கவும் இல்லை. முன்பக்கத்தில் எழுத இடமில்லை, பின்பக்கத்தில் எழுதினார். மிச்சம் 17,000 ரூபாவுக்கு இன்று வரை விளக்கம் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, இடைப்பட்ட மாதங்களில் எழவு விழுந்தால் என்ன செய்வது. பழைய வழக்கத்துக்குத் திரும்பினோம்: மரணம் விழுந்த அன்றே ஒவ்வொரு வீட்டிலும் 300 ரூபா சேர்ப்பது. அந்த மாதங்களில் மூன்று மரணங்கள். மூன்றிலும் ஒரு வீடு பாக்கியில்லாமல் காசு வந்தது. பிரேதம் வீட்டில் கிடக்கும்போது யார் இல்லை என்பார்? சிலர் இதையே நிரந்தரமாக்கச் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். ஒரே மாதத்தில் மூன்று விழுந்தால் 900 ரூபா, அன்றைக்கு ஒரு நாள் சம்பளமே 1,000. 2021இல் சம்பளச் சபை வழியாக வந்த அந்த ஆயிரத்துக்காக எத்தனை வருடம் கத்தினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். மாதச் சந்தாவே தொடரட்டும் என்று முடிவானது.

அடுத்தது, கணக்கில் காணாமல் போன காசு. 'எல்லாம் சரி என்று எழுதிக் கொடுங்கள், காசைத் தருகிறேன்' என்றார் மகன். செயற்குழுவில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்துவிடத் தயார். சரியில்லாததைச் சரி என்று எழுதினால் அடுத்த பொருளாளரிடம் எந்த முகத்தோடு கணக்குக் கேட்பது என்று கேட்டேன். கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினோம்: கொப்பிப்படி 571,000 பெறப்பட்டது, 52,000 மூன்று குடும்பங்களுக்கு உதவியாகப் போயிருக்கிறது, அதைச் சங்கத்தின் செலவாகப் பொதுக்கூட்டம் ஏற்கிறது, 17,000 கண்டுபிடிக்க முடியாததால் பொதுக்கூட்டத்தின் தீர்மானத்தோடு கணக்கில் இருந்து நீக்கப்படுகிறது. வங்கி வட்டியில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியை நாங்கள் எழுப்பவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதில் லாபம் உண்டு.

இதற்குச் செல்லுபடியாகும் பொதுக்கூட்டம் வேண்டும். 56 பேர் வர வேண்டும். முதல் தடவை சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, கிளப் கட்டடத்தில், வழக்கம்போல வைத்தோம். வந்தது 23 பேர், எல்லோரும் ஆண்கள், அதிலும் நாலைந்து பேர் 'போட்டுவிட்டு' வந்தவர்கள். அப்புறம்தான் பட்டியலைப் பார்த்தேன். சந்தா கட்டும் 168 பேரில் 121 பேர் பெண்கள். பதினாலு வருடமாகச் செயற்குழுவில் ஒரு பெண்கூட இல்லை. ஆறரை மணிக்கு அவர்கள் அடுப்படியில் இருப்பார்கள்.

இரண்டாம் தடவை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் சொல்லிவிட்டு, சம்பள நாளன்று, அந்திக் கொழுந்தை எடை போட்டவுடன், எடை போடும் கொட்டகையான கொழுந்து மடுவத்திலேயே கூடினோம். தராசைச் சுற்றி நின்றபடியே 97 பேர். கொப்பியை வரி வரியாகச் சத்தமாக வாசித்தோம். 'கை உதவி' வரிகள் வந்தபோது ஒரு பெண் முன்னால் வந்து, அது என் வீடுதான், ஐயா கொடுத்தது எனக்குத்தான் என்றார். தீர்மானம் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் நிறைவேறியது. மகன் ஜூன் மாதத்தில், நல்ல மழை நாளொன்றில், 571,000 ரூபாவைக் கோயிலில் வைத்துக் கொடுத்தார்.

மூன்றாவது, பதிவு. வழிகள் பல. 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதில் பதிய கம்பனிப் பதிவாளரிடம் போக வேண்டும். 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் போகலாம், ஆனால் அதன் மேற்பார்வையும் படிவங்களும் எங்கள் அளவுக்குப் பாரம். பாராளுமன்றத்தில் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து கூட்டிணைத்துக்கொண்ட சங்கங்களும் நாட்டில் உண்டு. அது எட்டாக் கொம்பு. பிரதேச செயலகப் பதிவே போதும் என்று தீர்மானித்தோம். வங்கிக் கணக்குத் திறப்பதுதான் எங்கள் தேவை. திருத்திய யாப்பு, பொதுக்கூட்டக் கூட்டறிக்கை, உறுப்பினர் பட்டியல், நிர்வாகிகள் விபரம், கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு எல்லாம் கொடுத்து, ஆறு தடவை அலைந்து, நவம்பரில் பதிவு கிடைத்தது.

யாப்பில் மாறியவற்றில் முக்கியமானது கையொப்பம். மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம், அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. சொல்வது லேசு. தோட்டத்தில் யார் யாருக்கு மாமன் மச்சான் இல்லை? கடைசியில் 'ஒரே லயத்தில் இருக்கக் கூடாது' என்று மாற்றினோம். தன் வீட்டு மரணத்துக்கான காசுக்குத் தானே கையெழுத்திடக் கூடாது என்பதும் சேர்ந்தது. சந்தா பாக்கி உள்ள வீட்டுக்கு வருடத்தில் 30,000 ரூபாவுக்கு மேற்படாமல் 'கை உதவி' கொடுக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் வந்தது. ஐயா பின்பக்கத்தில் எழுதியது இப்போது முன்பக்கத்தில் ஒரு தலைப்பு.

பின்னர் நடந்தது

2022இல் விலைகள் பறந்த வருடம் 20,000 ரூபா உதவியின் பெறுமதியைத் தின்றுவிட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பெட்டிக்கே போதாத காசைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2024 ஜனவரியில் உதவி 40,000 ஆனது, சந்தா 200 ஆனது.

இதில் மேக்கணக்கின் 22 குடும்பங்கள் பிரிந்து தனிச் சங்கம் தொடங்கின. சந்தா ஒரு காரணம். நிர்வாகிகள் எல்லாம் பணியக்கணக்கு ஆட்கள் என்பது இன்னொரு காரணம், அது உண்மையும்கூட. பிரிந்தவர்களுக்குக் கையிருப்பில் பங்கு உண்டா என்று யாப்பில் ஒரு சொல்லும் இல்லை. 'போறவங்களுக்கு என்ன பங்கு' என்றது ஒரு பக்கம். நாங்கள் பேசி, பத்து வருடத்துக்கு மேல் சந்தா கட்டிய வீடுகளுக்கு ஆளுக்கு 2,000 கொடுத்து அனுப்பினோம். அது நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்னும் உறுதியில்லை.

மிச்சம் 146 குடும்பங்கள். வருட வரவு 350,400. எட்டு மரணம் விழுந்தால் 320,000 போய்விடும், ஒன்பதாவது விழுந்தால் கையிருப்பில் கை வைக்க வேண்டும். மெல்லிய கணக்குத்தான். கையிருப்பு 400,000க்குக் கீழே போனால் பொதுக்கூட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

புதிய பொருளாளர் கொழுந்து எடுக்கும் பெண். க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தவர். கணக்கு எழுதுவதில் அவருக்கு என் உதவி மூன்றாம் மாதத்தோடு தேவைப்படவில்லை. செயற்குழுவில் இப்போது ஐந்து பெண்கள். சம்பள நாள்தோறும் மடுவத்தில் அந்த மாத வரவு செலவு வாசிக்கப்படுகிறது. வாசிக்க ஐந்து நிமிடம். அதற்குள் பாக்கிக்காரர்கள் பின்னால் நழுவுவதும் நடக்கிறது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதலாவது அந்தக் கடிதம். ஐயாவின் மனைவியிடம் பெண்கள் இருவர் போய் உட்கார்ந்து பேசியிருந்தால் கொப்பி மார்ச்சிலேயே வந்திருக்கும். எழுத்தில் இருக்க வேண்டும் என்ற என் பாட நினைப்பு எழவு வீட்டுக்குள் நுழைந்திருக்கக் கூடாது. இப்போது யாப்பில், நிர்வாகி ஒருவர் காலமானால் பதினாறு முடியும் வரை கணக்குக் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறோம். மூன்று கையொப்பம் இருப்பதால் அதுவரை பொறுக்கவும் முடியும்.

இரண்டாவது, பிரிவு வரும் என்று எதிர்பார்த்து விலகல் விதியை 2023 யாப்பிலேயே போட்டிருக்க வேண்டும். பதவிக்கால வரம்பு இன்னும் தீராத சண்டை. தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்றேன். 'பிறகு யார் செய்வா, நீங்க வந்து செய்றீங்களா மாஸ்டர்?' என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது நாங்கள் யோசிக்கவே மறந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு விடியற்காலை புதிய பொருளாளரின் மாமியார் காலமானார். விதிப்படி அவர் கையெழுத்திட முடியாது, மற்ற இருவரும் இட்டாலும் வங்கி திங்கட்கிழமைதான் திறக்கும். காலையில் பெட்டிக்கு முன்பணம் கொடுக்கக் காசில்லை. தலைவர் தன் பேரில் கடன் சொல்லி எடுத்தார். பழைய பொருளாளர் ட்ரங்குப் பெட்டிக்குள் 20,000 ரூபாவை ஏன் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒழுங்குபடுத்துகிறோம் என்று அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் 40,000 ரூபாவை ரொக்கமாகத் தோட்டத்திலேயே வைக்க முடிவு செய்தோம். தகரப்பெட்டி பணிய லயத்தில் செயலாளர் வீட்டில், சாவி மேட்டு லயத்தில் பொருளாளர் வீட்டில். மழை இரவில் சாவியோடு இறங்கி வர அரை மணி நேரம் பிடிக்கிறது, பாதையில் லைட்டும் இல்லை. பெட்டியையும் சாவியையும் ஒரே லயத்துக்குக் கொண்டுவரச் சொல்லி எழுத்தில் ஒரு பிரேரணை வந்திருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அது எடுக்கப்படும்.